குற்றவாளியின் பெயருக்கடியில் ஒரு புள்ளி

சாவிக்காரர் பேசாமல் இருந்த அந்த ஏழெட்டு மாதங்களில்தான் எங்கள் தெரு அவரைப் பற்றி மிக அதிகமாகப் பேசியது. அவர் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவரைப் பற்றிப் பேச யாருக்கும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. எல்லாவற்றையும் அவரே பேசிவிடுவார்.

தெருமுனையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அவர் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் மூச்சு விட வெளியே போக வேண்டும். கம்பியில் கோத்த வெட்டாத சாவிகள் திரைச்சீலை போலத் தொங்கும். மேசை மேல் நாலைந்து அரம், சாவி வெட்டும் சின்ன மெஷின், அவை எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல் பித்தளைத் தூள். காதில் செருகிய தடித்த பென்சிலை அவருடைய உடலுறுப்புகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். அது எழுதுவதற்கல்ல. இறுகிப்போன பூட்டில் எண்ணெய் விட்டால் அது தெருத் தூசியை எல்லாம் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்துவிடும். பென்சில் கரியைச் சாவிப் பல்லில் தேய்த்துத் திருப்பினால் பூட்டு தானாக வழிக்கு வரும். இது அவர் சித்தாந்தம். இதைக் கேட்காமல் யாரும் அந்தக் கடையிலிருந்து சாவி வாங்கிப் போனதில்லை.

அவர் மனைவியைத் தெருவே சிஸ்டர் என்று அழைத்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கருவி அலமாரி ஒருநாள் திறக்க மறுத்தபோது அதைத் திறக்கப் போன இளவயதுச் சாவிக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். எல்லாரும் கூப்பிடுகிறார்களே என்று அன்று அவரும் "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். கல்யாணமாகிப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளைக்கே தலை நரைத்த பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. கட்டிய மனைவியைச் சகோதரி என்று கூப்பிடும் ஒரே மனிதர் என்று தெரு சிரிக்கும். "வாய்க்குப் பழகிப்போச்சு, மனசுல வேற பேரு வச்சிருக்கேன்" என்பார்.

சிஸ்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிற்றைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் டாக்டரின் கை நடுங்கினாலும் அவர் கை நடுங்காது. அதே சிஸ்டருக்குக் கதைப் புத்தகத்தில் ஒரு கதவு கிரீச்சிட்டால் போதும், வீட்டிலிருக்கும் எல்லா விளக்கையும் போட்டுவிடுவார். ஆனாலும் துப்பறியும் கதையை விட மாட்டார். பயப்படுவதற்கென்றே படிக்கிறவர்கள் உண்டு. சிஸ்டர் பயந்தும் படிக்கிறவர். இரண்டும் ஒன்றல்ல.

கடைக்கு அடுத்த கதவு வாடகை நூலகம். அதை நடத்தும் லைப்ரரியம்மாவின் வருமானத்தில் பாதி குடைக்காரருடையது. குடைக்காரர் என்பவர் எங்கள் தலைமுறைக்கே பொதுவான துப்பறிவாளர். வெயிலோ மழையோ, கையில் கறுப்புக் குடையில்லாமல் ஒரு பக்கத்திலும் வரமாட்டார் என்பதால் அவருடைய சொந்தப் பெயரையே வாசகர்கள் மறந்துவிட்டார்கள். முதல் சில புத்தகங்களில் அந்தக் குடைக்குள் ஒரு கத்தி இருந்தது. அடுத்து வந்தவற்றில் குடை வெறும் குடையாகி, கதையில் அடிக்கடி மழை பெய்தது. கடைசியாக வந்தவற்றில் அதை ஊன்றிக்கொண்டு நடந்தார். நடுவில் ஒரு பத்து வருஷம் ஆசிரியர் அவரை நாற்பத்திரண்டு வயதில் நிறுத்தி வைத்திருந்தார். அந்தப் பத்து வருஷத்தில் அவர் மகள் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, கல்யாணம் முடித்து அப்பாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பிறகு திடீரென்று ஒரு புத்தகத்தில் மூக்குக்கண்ணாடியும் முழங்கால் வலியும் ஒரே அத்தியாயத்தில் வந்து சேர்ந்தன. வாசகர்கள் கோபப்பட்டார்கள். உதவியாளர் மட்டும் பேரன் எடுத்த பிறகும் 'பையன்'தான்.

இந்த வரிசையோடு எங்கள் தெருவுக்கு ஒரு தீராத வழக்கும் இருந்தது. நூலகத்துக் குடைக்காரர் புத்தகங்களில் எவனோ ஒரு பாவி, குற்றவாளி முதன்முதலில் தலைகாட்டும் இடத்தில், அவன் பெயருக்கடியில் அழுத்தமாக ஒரு பென்சில் புள்ளி வைத்திருந்தான். எல்லாப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் பெரும்பாலானவற்றில். 'தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார் மைத்துனர்' என்று அப்பாவியாக ஒரு வரி வரும், மைத்துனருக்கடியில் புள்ளி. அதோடு கதை முடிந்தது. லைப்ரரியம்மா சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: புள்ளி வைப்பவர் பிடிபட்டால் ஆயுள் முழுக்க நூலகத்துக்குள் நுழைய முடியாது, பிடித்துக் கொடுப்பவருக்கு ஒரு வருஷம் புத்தகம் இலவசம். அந்தத் தாள் பழுத்து மஞ்சளாகும் வரை யாரும் பிடிபடவில்லை. "அவன் கையை வெட்டணும்!" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் சாவிக்காரர்.

பிறகு ஒரு காலையில் கடையில் சாவி வெட்டிக்கொண்டிருந்தவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சோறு கொண்டுவந்த சிஸ்டர் அழவில்லை, கத்தவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ஆட்டோவை நிறுத்தினார், ஆஸ்பத்திரி வாசலில் டாக்டருக்கே உத்தரவு போட்டார். அதனால் உயிர் பிழைத்தது. காலும் கையும் மெல்லத் திரும்பின. பேச்சுதான் திரும்பவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் "பூட்டு", விசிறியை நிறுத்த வேண்டுமென்றாலும் "பூட்டு". எந்தப் பூட்டு எது என்று சிஸ்டருக்குத் தொனியிலேயே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பார்க்க வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆனால் சாவிக்காரர் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். பேச்சோடு பழைய ஞாபகங்களிலும் பல போயிருந்தன. மனைவியைத் தெரிந்தது, மகனைத் தெரிந்தது, அரம் பிடிக்கக் கைக்குத் தெரிந்தது. எத்தனையோ முறை படித்த குடைக்காரர் கதைகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை.

மகன் வெளியூரிலிருந்து வந்தான். கெட்ட மகன் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் முடியாது என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும். கடையைச் செல்போன் உறை விற்கிற ஒருவர் கேட்கிறார், வாடகை ஒப்பந்தம் மழைக்காலத்தோடு முடிகிறது, இரண்டு பேரும் என்னோடு வந்துவிடுங்கள் என்றான். எல்லாம் அன்பாகவே சொன்னான்.

"உங்கப்பா கடையில நின்னு நாலு பேர்கிட்ட பேசிட்டாருன்னா?" என்றார் சிஸ்டர்.

"பேசட்டும்மா. நானே வந்து ஷட்டரைத் தூக்கி விடறேன். ஆனா ஆறு மாசமா ஒரு வார்த்தை வரலியே. வாடிக்கைக்காரன் என்ன பண்ணுவான்?"

"ஒப்பந்தம் முடியறப்ப வா. அதுவரைக்கும் வாயை மூடு. வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் மூடியிருக்கார், நீயும் மூடினா துணையா இருக்கும்."

இந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. பல வருஷம் பேனாவைத் தொடாமலிருந்த ஆசிரியர் குடைக்காரரைத் திரும்பக் கொண்டுவருகிறார். எழுபது தாண்டிய குடைக்காரரின் கடைசி வழக்கு. புத்தகம் வருவதற்குள் வரிசையை முதலிலிருந்து படித்துவிடுவது என்று நூலகத்தில் தீர்மானமாயிற்று. வாரம் ஒரு மதியம் கூடினார்கள்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பல் டாக்டர், தையல்காரர், லைப்ரரியம்மா. சிஸ்டர் கணவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்து மடியில் ஒரு புத்தகத்தை வைத்துவிடுவார். அவரும் பக்கத்தில் வேறொன்றை எடுத்துக்கொண்டு உட்காருவார்.

திரும்பப் படிப்பதில் ஒரு வேடிக்கை நடந்தது. இளவயதில் இவர்களைப் பைத்தியமாக்கிய புத்தகங்கள் இப்போது சப்பென்றிருந்தன. ஓடும் ரயிலிலிருந்து குடையோடு குதிக்கும் கட்டத்தைப் படித்துவிட்டுப் பல் டாக்டர், "இந்தாளுக்கு ஒரு பல்லுகூட ஆடலியே, எப்படி?" என்றார். அன்று திட்டித் தீர்த்த புத்தகங்களோ இனித்தன.

"இந்த முழங்கால் வலி புக்கு இருக்கே, முன்னாடி இதை வீசி எறிஞ்சேன்" என்றார் தையல்காரர். "ஒண்ணுமே நடக்கலியேன்னு. இப்பதான் தெரியுது, மனுஷன் மூணாவது மாடி ஏறியிருக்கான்! அதைவிட என்ன நடக்கணும்?"

"அதுவும் நடுவுல ஒருதரம் நின்னு, ஜன்னலை வேடிக்கை பார்க்கற மாதிரி நடிக்கறாரு பாருங்க" என்றார் தலைமையாசிரியர். "மூச்சு வாங்குதுன்னு பையனுக்குத் தெரியக்கூடாதாம். நான் தினம் செய்யறது."

சாவிக்காரர் மட்டும் பழைய காலத்து வாசகர்போலப் படித்தார். அவருக்கு எல்லாமே புதிது. இத்தனை வருஷம் கழித்து முதல்முறையாகக் கதையின் முடிவு சிஸ்டருக்குத் தெரியும், கணவருக்குத் தெரியாது. அந்த அதிகாரத்தை அவர் ரகசியமாக ரசித்தார். கணவர் தவறான ஆளைச் சந்தேகித்துப் புருவத்தை நெரிக்கும்போது புத்தகத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஒரு மதியம், கணவர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் சமையல்காரர் பிரவேசித்தார். அடியில் புள்ளி. சாவிக்காரர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போனார். கடைசி அத்தியாயத்தில் சமையல்காரர் பிடிபட்டபோதுதான் ஏதோ உறுத்தி, பின்னுக்குப் புரட்டினார். வேறொரு புத்தகத்தை எடுத்தார். அதிலும் புள்ளி. இன்னொன்று. முகம் சிவந்தது. புத்தகத்தை மேசையில் அறைந்தார்.

"எவன்டா அவன்!"

லைப்ரரியம்மா கையிலிருந்த புத்தகக் கட்டு கீழே விழுந்தது.

"எவன்டா... புள்ளி வச்சவன்!"

"முழு வாக்கியம்!" என்றார் தலைமையாசிரியர், பரீட்சைத்தாளைப் பார்த்ததுபோல. "எழுவாய், பயனிலை, எல்லாம் இருக்கு!"

சிஸ்டர் எழுந்து சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது அழுகையா சிரிப்பா என்று பல் டாக்டர் இன்றும் விவாதிப்பார். திரும்பியபோது முகத்தைத் துடைத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் குரலில் சொன்னார்: "கண்டுபிடிங்களேன்."

கண்டுபிடிக்கக் கிளம்பினார். அன்பு எட்டு மாதம் கேட்டும் தராத பேச்சைக் கோபம் ஒரே நொடியில் தந்துவிட்டதில் டாக்டர்களுக்கு ஆச்சரியமில்லை, அப்படி நடப்பதுண்டு என்றார்கள். முதலில் பிடிபட்டவர் தலைமையாசிரியர்.

"பென்சில்?" என்று விசாரணையைத் தொடங்கினார் சாவிக்காரர்.

"நானா? வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து சிவப்பு மைதான். பென்சில் பசங்களுக்கு."

அடுத்தவர் பல் டாக்டர். அவருடைய கிளினிக்கில் காத்திருப்பவர்களுக்காக நூலகத்துக் குடைக்காரர் புத்தகங்கள் கிடக்கும்.

"உங்க... ஆளுங்க. உக்காந்து... வைப்பாங்களா?"

"என் நாற்காலியில உக்காந்தவனுக்குப் பென்சில் பிடிக்கிற தைரியம் இருந்தா நான் தொழிலையே விட்டுடறேன்."

தையல்காரரைக் கேட்கும்போது வாக்கியம் நீண்டுவிட்டது. "நீ சுண்ணாம்புக்கட்டிலதானே குறி போடுவ? பென்சில் வச்சிருக்கியா, காட்டு பார்ப்போம்?" தையல்காரர் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார். நூலும் பொத்தானும்தான் விழுந்தன. "சந்தேகப்பட்டா ஒரு மனுஷன் இப்படி முன்னேறுவான்னு தெரிஞ்சிருந்தா, நான் முதல் நாளே வந்து சந்தேகப்பட வச்சிருப்பேன்" என்றார்.

வார்த்தை இன்னும் தடுக்கி விழுந்தது. சில சமயம் புத்தகத்தைப் பூட்டு என்றார், பூட்டைப் பூனை என்றார். ஆனால் நிறுத்தவில்லை. வீட்டில் மேசை விளக்கடியில் தன் பழைய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு புள்ளிகளை ஆராய்ந்தார். பென்சிலை அழுத்தி, அரைச் சுற்றுத் திருப்பி வைத்த புள்ளிகள். அதனால்தான் அத்தனை வட்டம், அத்தனை பளபளப்பு. பக்கங்கள் சேரும் மடிப்பில் ஏதோ மினுக்கியது. நுனிவிரலால் தொட்டார். மோந்து பார்த்தார்.

"பித்தளை!" என்று கத்தினார். "சிஸ்டர்! பித்தளைத் தூள்! அவன் சாவி வெட்டறவன்!"

"அப்படியா!" என்றார் சிஸ்டர். அந்த ஒரு சொல்லைத் தடுமாறாமல் சொல்ல அவர் பட்ட பாட்டை ஆபரேஷன் தியேட்டரில்கூடப் பட்டிருக்க மாட்டார்.

இங்கேதான் சாவிக்காரர், சாவிக்காரர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். இந்த வட்டாரத்தில் சாவி வெட்டுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் யோக்கியர், அதாவது தான். ஆகவே மற்றவர் குற்றவாளி. மற்றவர் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த ஜென்ம விரோதி. அவரை இவர் டூப்ளிகேட் என்றுதான் குறிப்பிடுவார். மறுநாளே கைத்தடியை எடுத்துக்கொண்டு, சிஸ்டரைக்கூட வரவேண்டாமென்று சொல்லிவிட்டு, தனியாகக் கிளம்பினார். நடுவில் ஒரு ஜன்னலை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றாராம். கிளினிக் வாசலிலிருந்து பார்த்த பல் டாக்டர் சொன்னது.

"நீதானேடா புள்ளி வச்சது?" என்றார் போன உடனே.

டூப்ளிகேட் அரத்தைக் கீழே வைத்தார். "அண்ணே! பேசறீங்க! உக்காருங்க, உக்காருங்க."

"பேச்சை மாத்தாதே. புத்தகத்துல பித்தளைத் தூள் கிடக்கு. பென்சில் புள்ளி இருக்கு."

"புத்தகமா? எனக்கேதுண்ணே நேரம்? உங்க கஸ்டமர் பூரா இப்ப எங்கிட்டதான் நிக்கறாங்க." இது சாவிக்காரருக்குக் குத்தியது. டூப்ளிகேட் அதைக் கவனிக்காமல் மேலும் சொன்னார்: "அதுவும் பென்சிலா? நான் எண்ணெய் விடறவன். இருபது வருஷமா அதுக்குத்தானே என்னைத் திட்டறீங்க? பென்சில் தேய்க்கறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தானே!"

சாவிக்காரரின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது. காது காலியாக இருந்தது.

வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். டூப்ளிகேட் பயந்துபோய் சோடா வாங்கி வந்தார். அதைக் குடித்துவிட்டு, "உன் எண்ணெய் ஒருநாள் உன்னைக் கவுத்துடும்" என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டு எழுந்தார். வீட்டுக்குப் போகவில்லை. தன் கடைக்குப் போனார். ஷட்டரை ஒரு கையால் அரையளவு தூக்கி, குனிந்து நுழைந்து, மேசைக்கடியில் தேடினார். வாய் கோணிய அன்று காதிலிருந்து விழுந்த பென்சில் பித்தளைத் தூளுக்குள் கிடந்தது. பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம் அதை அழுத்தி, அரைச்சுற்றுத் திருப்பினார். வட்டம். பளபளப்பு.

ஆனால் வழக்கு முடியவில்லை. எல்லாப் புத்தகத்திலும் குடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விதி உண்டு: எந்தக் கை செய்தது என்று தெரிந்தால் பாதிதான் தெரிந்தது; யாருக்காகச் செய்தது என்று தெரிய வேண்டும். தன் கை என்று தெரிந்துவிட்டது. அந்தக் கை ஏன் அதைச் செய்தது என்று அவருக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. தன் குற்றத்தின் காரணத்தைத் தானே துப்பறிய வேண்டிய நிலை குடைக்காரருக்கே வாய்த்ததில்லை. அடுத்த சில நாட்கள் அவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்து படிக்கிறவரைப் பார்த்தார்.

கடைசி வழக்கு அச்சாகி வந்து சேர்ந்த மதியமும், ஒப்பந்தம் முடிவதற்காக மகன் வந்திறங்கிய மதியமும் ஒன்றாக அமைந்தன. சாவிக்காரர் எல்லாரையும் நூலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். டூப்ளிகேட்டும் கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். கடைசி அத்தியாயங்களில் சந்தேகத்துக்குரியவர்கள் உட்காருவார்களே, அப்படி வட்டமாக உட்கார்ந்தார்கள். மகன் கதவருகே நின்றான். தொலைபேசியில் கேட்ட எதையும் அவன் நம்பியிருக்கவில்லை.

சாவிக்காரர் எழுந்து தடியை ஊன்றி நின்றார்.

"இங்க இருக்கறவங்க எல்லாரையும் சந்தேகப்பட்டேன். மன்னிக்கணும்னு கேக்க மாட்டேன். அதுதான் வேலை." மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் திருப்பிப் பார்த்துப் போடுகிறவர்போலப் பேசினார். "பித்தளைத் தூள் இருக்கு. ஆனா டூப்ளிகேட் எண்ணெய்க்காரன்."

"அண்ணே, பேரைச் சொல்லியே கூப்பிடலாமே" என்றார் டூப்ளிகேட்.

"குறுக்கே பேசாதே. பென்சில்." சட்டைப்பையிலிருந்து எடுத்தார். தாளில் ஒரு புள்ளி வைத்துத் தூக்கிக் காட்டினார். "கையை வெட்டணும்னு கத்தினேனாம். அந்தக் கை இதுதான். குற்றவாளி நான்."

லைப்ரரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நீங்களா! என் நோட்டீஸுக்குப் பசை வாங்கிக் கொடுத்ததே நீங்கதானே!"

"உக்காருங்கம்மா. நான் கை மட்டும்தான். பின்னாடி இன்னொரு ஆள் இருக்கு." தடியைத் தூக்கி நீட்டினார். அது நேராகச் சிஸ்டரிடம் போய் நின்றது. "சிஸ்டர் படிக்கறதைப் பார்த்தேன். முடிவு தெரிஞ்ச கதையா இருந்தாலும், பழக்கத்துல, புத்தகத்தை எடுத்தா நாற்காலி நுனியில உக்காருவா. தோள் இறுகி இருக்கும். கால் தரையில அழுந்தி இருக்கும், எந்திரிச்சு ஓடறதுக்குத் தயாரா. புள்ளி வர்ற பக்கத்தைத் திருப்புவா. அப்புறம் பின்னாடி சாஞ்சுக்குவா, காலை நீட்டிக்குவா, மிச்சத்தைச் சிரிச்சுக்கிட்டே படிப்பா. ஒரு புத்தகம் இல்ல. பார்த்த எல்லாத்துலயும். யாருன்னு தெரியாம இவளால படிக்க முடியாது. புள்ளி இல்லாத புத்தகம் சிலது இருக்கே? அதெல்லாம் பேய் வர்றது. அதை இவ தொடவே மாட்டா." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா கேட்டது இவ. வச்சது நான். சரியா?"

எல்லாரும் சிஸ்டரைப் பார்த்தார்கள்.

"கல்யாணமான புதுசுல" என்றார் சிஸ்டர். குரல் அவருக்குப் பழக்கமில்லாத இடத்திலிருந்து வந்தது. "இவர் கடைக்குப் போயிடுவார், நான் தனியா இருப்பேன். யாரு கொலைகாரன்னு சொல்லிட்டுப் போங்கன்னு கேட்டேன். சொன்னா சுவாரஸ்யம் போயிடும், நீயா கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும்னு புள்ளி வச்சுக் கொடுத்தார். அதுக்கப்புறம் நிறுத்த முடியல."

"சரியா இல்லையா, அதைச் சொல்லு சிஸ்டர்."

"சரி. எல்லாம் சரி."

கைதட்டலை ஆரம்பித்தது டூப்ளிகேட். மகன் தட்டவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பா," என்றான், "இப்ப எத்தனை வாக்கியம் பேசினீங்க தெரியுமா?"

"அதை நான் எதுக்கு எண்ணணும்? ஷட்டர் துரு பிடிச்சிருக்கு, அரைக்கு மேல ஏற மாட்டேங்குது. நீ தூக்கறேன்னு சொன்னியாமே, வா."

தீர்ப்பு மட்டும் சிக்கலாக இருந்தது. அறிவிப்பின்படி குற்றவாளி ஆயுள் முழுக்க உள்ளே வரக்கூடாது. பிடித்துக் கொடுத்தவருக்கு ஒரு வருஷம் இலவசம். இரண்டும் ஒரே ஆள். தலைமையாசிரியர் கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: சாவிக்காரர் நூலகத்துக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, வாசலில் நிற்பவரிடம் லைப்ரரியம்மா இலவசமாகப் புத்தகம் எடுத்துக் கொடுக்க வேண்டும். தூண்டியவருக்குத் தண்டனை, கடைசி வழக்கைப் புள்ளியில்லாமல் படிப்பது.

"அதுக்கு என்னை ஜெயில்லயே போட்டுடுங்க" என்றார் சிஸ்டர்.

அன்று மாலையே அப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஷட்டரைத் தூக்கினார்கள். வாடகை ஒப்பந்தத்தில் பழைய பெயரே தொடர்ந்தது. செல்போன் உறைக்காரர் டூப்ளிகேட் கடைக்கு எதிரில் இடம் பிடித்தார். முதல் நாள் வந்த வாடிக்கைக்காரரிடம் சாவிக்காரர் பென்சில் சித்தாந்தத்தை முழுசாக விளக்கினார். நடுவில் பூட்டை ஒருமுறை பூனை என்றார். வாடிக்கைக்காரர் சிரித்தார், சாவிக்காரரும் சிரித்தார். ஆனால் நிறுத்தவில்லை.

கடைசி வழக்கில் எழுபது தாண்டிய குடைக்காரர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே போவதில்லை. ஜன்னலருகே உட்கார்ந்து, பையன் கொண்டுவரும் செய்திகளைக் கேட்டே துப்புத் துலக்குகிறார். வரிசையிலேயே சிறந்த புத்தகம் அதுதான் என்று எங்கள் தெரு ஒருமனதாகத் தீர்மானித்தது. வேறெதிலும் ஒருமனதாகத் தீர்மானித்த தெரு அல்ல இது. முதலில் படித்தவர் சாவிக்காரர், வாசலில் நின்றபடி. பிறகு புத்தகம் சிஸ்டர் கைக்குப் போனது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஆரம்பித்தவர், கொஞ்சப் பக்கத்துக்குள் பின்னால் சாய்ந்தார், காலை நீட்டினார். மூன்றாம் அத்தியாயத்தில் வக்கீலுக்கடியில் ஒரு புள்ளி இருந்தது. கொஞ்சம் நடுங்கிய, வட்டம் சரியாக வராத புள்ளி.

கடைசி அத்தியாயத்தில் வக்கீல் குற்றவாளி இல்லை.

சிஸ்டர் போட்ட சத்தம் கடை வரைக்கும் கேட்டது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கே வந்தார். "ஏங்க! தப்பான ஆளுக்கு வச்சிருக்கீங்க! வக்கீல் இல்ல, அந்த மருந்துக்கடைக்காரன்! என் உசுரே போயிடுச்சு!"

"அப்படியா?" என்றார் சாவிக்காரர், அரத்திலிருந்து கண்ணெடுக்காமல். "எப்படி இருந்துச்சு?"

சிஸ்டர் வாடிக்கைக்காரர் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார், பாதிக் கோபத்தோடு.

தெரியாமல் வைத்தாரா, வேண்டுமென்றே வைத்தாரா என்று தெருவே கேட்டுப் பார்த்துவிட்டது. எட்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமலிருந்து, இப்போது எதைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசும் அந்த மனிதர், இதை மட்டும் கேட்டால் காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சாவியில் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்.